எல்-1 (கம்மி விலை போட்டவருக்கே டெண்டர்) இருக்கற வரைக்கும் அரசு ஆபீஸ்ல பசுமை கொள்முதல் நடக்குமா?

கொங்கு_தறி:
வணக்கம்ங்க. ஈரோடு பக்கம் சின்ன யூனிட்டுங்க நம்மளது, காட்டன் பை தைக்கறோம். ஒரு துறையில (பேரு வேண்டாம், நாளைக்கும் அவங்ககிட்டதான் போயி நிக்கணும்) பை வாங்க டெண்டர் விட்டாங்க, நாங்களும் போட்டோம். ஸ்பெசிபிகேஷன்னு பாத்தா "துணிப்பை, மஞ்சள் நிறம், இன்ன சைஸ், லோகோ பிரிண்ட்" அவ்வளவுதான். ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற கணக்கு) இல்ல, காட்டன்ங்கற வார்த்தை கூட இல்ல. எங்க ரேட்டுல பாதிக்கு ஒருத்தர் போட்டு எடுத்துட்டாரு. அப்புறம் சப்ளை ஆன பையில ஒண்ண தெரிஞ்சவரு கொண்டாந்து காட்டுனாரு. ஓரத்துல கொஞ்சம் கிழிச்சு தீக்குச்சி காட்டுனேன். காட்டனா இருந்தா காகிதம் எரியற வாசம் வந்து சாம்பலா உதிரும், இது சுருங்கி உருகி கருப்பா சொட்டுச்சு. நான்-ஓவன்ங்க, பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1ல இருந்து இதே அரசாங்கம் தடை போட்ட 14 ஐட்டத்துல நான்-ஓவன் பையும் ஒண்ணு! ஒரு பக்கம் 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு திட்டம், இன்னொரு பக்கம் மஞ்சள் சாயம் போட்ட பிளாஸ்டிக்க துணின்னு பில் போட்டு வாங்கறது. எல்-1 முறைய தூக்காம இது திருந்தாதுங்க. யாராச்சும் இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

மெரினா_காத்து:
ஆவின் பால் கவரே பிளாஸ்டிக்தானே தலைவா, பைக்கு மட்டும் என்னத்த அழுவுற

ரிடையர்டு_ஸ்டோர்ஸ்:
தம்பி, உங்க ஆத்திரம் நியாயம். ஆனா பழிய எல்-1 மேல போடாதீங்க. நான் சர்வீஸ்ல பாதிக்கு மேல ஸ்டோர்ஸ் செக்ஷன்ல ஓட்டினவன், கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டுப் போட்டே கண்ணாடி பவர் ஏறினவன். நம்ம ஸ்டேட்ல 1998ல வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம், அதுக்கு 2000ல வந்த விதிகள், இதான் பைபிள். அதுல பிரிவு 10 எடுத்துப் படிங்க. எவன் கம்மியா கோட் பண்றானோ அவனுக்குக் குடுன்னு மட்டும் அங்க இல்ல. டெண்டர் டாக்குமென்ட்ல முன்கூட்டியே எழுதி வெச்ச கிரைட்டீரியாபடி மதிப்பீடு பண்ணி, அந்த மதிப்பீட்டுல யார் குறைவோ அவருக்குக் குடுன்னு இருக்கு. அந்த "முன்கூட்டியே எழுதி வெச்ச"ங்கற எடத்துலதான் எல்லாமே இருக்கு. 100 சதவீதம் காட்டன், இத்தனை ஜிஎஸ்எம், என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப் ரிப்போர்ட், சீல் வெச்ச சாம்பிள், டெலிவரி எடுக்கறப்ப எங்க வேணாலும் கட்டப் பிரிச்சு டெஸ்டுக்கு அனுப்புவோம், ஃபெயில் ஆனா மொத்த லாட்டும் ரிட்டர்ன்னு எழுதிட்டா அந்தப் பாதி ரேட்டு ஆளு டெக்னிக்கல் கவர்லயே (விலைக்கு முன்னாடி தரத்த மட்டும் பாக்கற கவர்) போயிருப்பாரு, பிரைஸ் கவர் பிரிச்சிருக்கவே மாட்டாங்க. உங்க டெண்டர்ல ஸ்பெசிபிகேஷன் எழுதினவரு போன வருஷ ஃபைல எடுத்து தேதிய மாத்தி அனுப்பிட்டாரு, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

கொங்கு_தறி:
சரிங்கய்யா, எழுதலாம்ங்கறீங்க. ஏன் எழுத மாட்டேங்கறாங்க?

பாரா_பயம்:
அதுக்கு நான் பதில் சொல்றேன், இப்பவும் சர்வீஸ்ல இருக்கேன், அதனால துறை, ஊர் எதுவும் கேக்காதீங்க.

ஐயா சொல்றது சட்டப்படி நூத்துக்கு நூறு. ஆனா நோட் ஃபைல் எழுதறவன் நெலமைய பாருங்க. போன வருஷம் ஒரு பொருள் 100 ரூபாய்க்கு வாங்கினோம், இந்த வருஷம் நான் "சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு ஸ்பெசிபிகேஷன ஏத்தி அது 140க்கு வந்துச்சுன்னா, ஆடிட் பார்ட்டி வந்து உக்காந்ததும் முதல்ல கேக்கற கேள்வி "40 ரூபா ஏன் கூட". "தவிர்த்திருக்கக்கூடிய கூடுதல் செலவு"ன்னு ஆடிட் ரிப்போர்ட்ல ஒரு பாரா விழுந்துச்சுன்னா அதுக்கு பதில் எழுதியே ரெண்டு வருஷம் போகும், ரிடையர்மென்ட் பக்கத்துல இருந்தா பென்ஷன் ஃபைல்ல வந்து நிக்கும். மட்டமான பொருள கம்மி ரேட்டுக்கு வாங்கி அது ஆறு மாசத்துல குப்பைக்குப் போனா? ஒருத்தனும் கேக்க மாட்டான். ஸ்பெசிபிகேஷன ஏத்தினா இன்னொண்ணும் வரும், "குறிப்பிட்ட கம்பெனிக்கு சாதகமா எழுதிட்டான்"னு மொட்டை பெட்டிஷன், விஜிலென்ஸ் என்கொயரி. இதெல்லாம் தெரிஞ்சும் எவன் சார் பேனாவ எடுப்பான்?

சென்ட்ரல் கவர்மெண்ட்ல கொஞ்சம் பரவால்ல. அவங்க ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 2017ல விதி 173லயே மின்சாதனம் வாங்கினா நோட்டிஃபை பண்ணின ஸ்டார் ரேட்டிங் இருக்கணும்னு போட்டுட்டாங்க. 2021 அக்டோபர்ல குவாலிட்டிக்கும் மார்க் போடலாம், அதிகபட்சம் 30 சதவீதம் வரைக்கும்னு சில வகை ஒர்க்ஸுக்கும் (கட்டுமான வேலை) சர்வீஸுக்கும் தொறந்து விட்டாங்க. ஆபீசருக்கு காட்ட ஒரு பேப்பர் இருக்கு. ஆனா அந்த ஜிஎஃப்ஆர் ஸ்டேட்ட கட்டுப்படுத்தாது. எங்களுக்கு அந்த மாதிரி ஒரு ஜிஓ குடுங்க, நாளைக்கே எழுதறோம்.

மதுரை_ஹெச்எம்:
ரெண்டு பேரும் சொன்னதுக்கு நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. எங்க ஸ்கூல்ல ஃபேன் வாங்கினப்ப நான் பட்டது. சாதா சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டு பக்கம். நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 200 வேலை நாள்னு வெச்சாலும் ஒரு ஃபேனுக்கு 72 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபான்னு போட்டா 576 ரூபா. விலை வித்தியாசம் ஆயிரத்து சொச்சம், ரெண்டு வருஷத்துல கழிஞ்சிரும், ஃபேன் பத்து வருஷம் ஓடும். எட்டாம் கிளாஸ் புள்ள போடுற கணக்கு. ஆனா பாருங்க, ஃபேன் வாங்கற காசு ஸ்கூல் கிராண்ட்ல, கரண்ட் பில்லு வேற ஹெட்ல. நான் கிராண்ட்ல ஆயிரம் ரூபா கூட செலவு பண்ணினா எனக்கு சாக்பீஸுக்கும் பாத்ரூம் குழாய்க்கும் காசு கொறையுது, மிச்சமாகற கரண்ட் காசு எங்கேயோ போகுது, எனக்கு வரல. அப்ப நான் எதை வாங்குவேன்? சாதா ஃபேனத்தேன் வாங்கினேன். இதுல ஆடிட் பயமும் இல்ல, எல்-1உம் இல்ல, சில்லறை கொட்டேஷன்தான். பைசா ஒரு பாக்கெட்டு, லாபம் இன்னொரு பாக்கெட்டுன்னா எவனும் அப்படித்தான் செய்வான்.

ரிடையர்டு_ஸ்டோர்ஸ்:
ஹெச்எம் சொன்னது முக்கியமான பாயின்ட். ஏசிக்கும் இதே கதை, இன்னும் பெருசா. 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசியில ஒட்டியிருக்கற பிஇஇ ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருப்பான், 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் ஏறக்குறைய 200 யூனிட் வித்தியாசம் தெரியும். எல்லாரும் அதப் பாத்துட்டு "இவ்வளவுதானா"ன்னு விட்டுடறாங்க. அந்தக் கணக்கு வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும்னு வெச்சுப் போட்டது, வீட்டுக் கணக்கு. ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஐசியூவுலயோ சர்வர் ரூம்லயோ நாள் பூரா ஓடற ஏசிக்கு அந்த 1600 மணி நேரம் ரெண்டேகால் மாசத்துல தீந்துடும். அங்க போயி 3 ஸ்டார் வாங்கி வெக்கறதுக்குப் பேரு சிக்கனமா? இதுல மார்ச் மாசம் வேற. 31ஆம் தேதிக்குள்ள செலவு பண்ணலைன்னா பணம் லாப்ஸ் ஆயிடும், அதனால கடைசி ரெண்டு வாரம் எது ஸ்டாக்ல இருக்கோ அது, எவன் உடனே பில் தர்றானோ அவன். அந்த ரெண்டு வாரத்துல வாங்கினத எல்லாம் தனியா எடுத்து ஆடிட் பண்ணினா நல்லா இருக்கும், பண்ண மாட்டாங்க.

பணிமனை_தோழர்:
எல்-1ல ஒரு விசயம் யாரும் பேசல தோழர்களே. எம்டிசி (சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம்) மின்சார பஸ்ஸ எடுத்துக்கங்க. 2025 ஜூன் 30ல வியாசர்பாடி டிப்போல இருந்து 120 பஸ் விட்டாங்க, மொத்தத் திட்டம் 625. இதுல கார்ப்பரேஷன் பஸ்ஸ விலைக்கு வாங்கல. கிராஸ் காஸ்ட் கான்ட்ராக்ட், 12 வருஷம், கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்கு கட்டறது, பஸ், பேட்டரி, மெயின்டனன்ஸ், டிரைவர் அவங்களது, கண்டக்டர் நம்மாளு.

எங்க யூனியன் இத எதிர்க்குது, நானும் எதிர்க்கறேன். டிரைவர் வேலைய வெளிய குடுத்துட்டா நாளைக்கு டிப்போவும் போகும், சம்பளம் பாதி, பாதுகாப்பு இல்ல. ஆனா இந்த இழைக்கு சம்பந்தமான பாயின்ட் வேற. வெறும் பஸ் விலைய கேட்டு டெண்டர் விட்டிருந்தா எலக்ட்ரிக் பஸ் டீசல் பஸ்கிட்ட நின்னுருக்கவே முடியாது, விலை எங்கேயோ இருக்கு. கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு கேட்டதும் டெண்டர் போடறவனே 12 வருஷ பேட்டரி மாத்தறதையும் ரிப்பேரையும் சேத்துக் கணக்கு போட்டுத்தான் கோட் பண்ண முடியும். அப்பயும் எல்-1தான் ஜெயிக்குது. ஆனா அந்த எல்-1 வேற எல்-1.

பாரா_பயம்:
அருமையா சொன்னீங்க தோழர். எதுக்கு விலை கேக்கறோம்ங்கறதுதான் மேட்டர். தெரு லைட்டுக்கு பல்பு விலை கேக்காம 7 வருஷத்துக்கு எரிய வெக்க எவ்வளவுன்னு கேக்கலாம். பிரிண்டருக்கு மெஷின் விலை கேக்காம பக்கத்துக்கு எவ்வளவுன்னு கேக்கலாம், அப்பத் தெரியும் மெஷின சும்மா குடுத்துட்டு டோனர்ல உரிக்கறவன் யாருன்னு.

மெரினா_காத்து:
எல்லாம் சரி, பெருசா வாங்கினா விலை தானா எறங்கும். எல்இடி பல்பு ஞாபகம் இருக்கா? 2014ல மத்திய அரசு கம்பெனி ஈஈஎஸ்எல் வாங்கினப்ப ஒண்ணு 310 ரூபா, 2016ல 38 ரூபா. கோடிக் கணக்குல மொத்தமா வாங்கறேன்னு ஒரே ஆளு போயி நின்னான், கம்பெனிக்காரன் வழிக்கு வந்தான். நம்ம ஊர்ல 38 மாவட்டமும் தனித்தனியா கொட்டேஷன் வாங்கிக்கினு இருந்தா என்னா எறங்கும்

கொங்கு_தறி:
அண்ணா மொத்தமா வாங்குனா எங்கள மாதிரி யூனிட்டு செத்துப்போகும்ங்க. டர்ன்ஓவர் இவ்வளவு கோடி, மூணு வருஷ அனுபவம்னு போட்டுருவாங்க, இஎம்டி (டெண்டர் டெபாசிட்) விலக்கு இருந்து என்ன புண்ணியம், வாசப்படியே ஏற முடியாது. பிறகு பெரிய ஆளு எடுத்து எங்களுக்கே சப்-கான்ட்ராக்ட் குடுப்பான், பைக்கு ஒரு ரூபா கூலி நிக்கும். பசுமைங்கறது மரத்துக்கு மட்டுமா, தறி ஓட்டறவனுக்கு இல்லீங்களா? இலவச வேட்டி சேலை 1983ல இருந்து சொசைட்டி வழியா நெசவாளர்கிட்ட வாங்கறாங்கல்ல, விலை மட்டும் பாத்தா வட இந்தியாவுல இருந்து லாரியில எறக்கியிருப்பாங்க. வேணும்னு நெனச்சா கவர்மெண்டுக்கு வழி தெரியும்ங்க.

காகிதபுரம்_வாசி:
அதே மாதிரி இன்னொரு உதாரணம் எங்க ஊர்லயே இருக்கு. கரூர் பக்கம் காகிதபுரம், டிஎன்பிஎல். 1979ல அரசாங்கம் ஆரம்பிச்சது, கரும்புச் சக்கையில பேப்பர் பண்றது. சக்கைய சக்கரை ஆலைக்காரன் கொதிகலன்ல எரிச்சுக்கிட்டு இருந்தான், அவனுக்கு பதிலுக்கு நிலக்கரியும் நீராவியும் குடுத்துட்டு சக்கைய வாங்கிக்கறாங்க. (நிலக்கரி குடுத்து சக்கை வாங்கறது எப்படி பசுமைன்னு கேக்கறவங்களுக்கு: மரம் மிச்சம், கரி மிச்சம் இல்ல. ஒத்துக்கறேன்.) உங்க புள்ளைங்க பள்ளிக்கூட புஸ்தகத்துல உள் பக்கத்த பொரட்டிப் பாருங்க, "80 ஜி.எஸ்.எம். எலிகண்ட் மேப்லித்தோ தாளில் அச்சிடப்பட்டுள்ளது"ன்னு பொடி எழுத்துல இருக்கும். இங்க பாருங்க, ஜிஎஸ்எம்ம புஸ்தகத்துலயே அச்சடிக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு பை டெண்டர்ல போடத் தெரியலையாம்!

நாங்க பக்கத்துல குடியிருக்கறவங்க, அதனால இன்னொண்ணும் சொல்லணும். பேப்பர் மில்லு தண்ணி குடிக்கும், காவிரித் தண்ணி. சுத்திகரிச்ச தண்ணிய சுத்துவட்டார நெலத்துக்கு பாசனத்துக்கு விடறாங்க, அதுல மண்ணு கெட்டுப்போச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லுது, இல்லேன்னா நெலமே காஞ்சிருக்கும்னு ஒரு கூட்டம் சொல்லுது, டீக்கடையில டெய்லி சண்டை. பசுமைன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி முடிச்சிட முடியாது, எங்கயோ ஒரு பக்கம் யாரோ ஒருத்தர் தாங்கிக்கத்தான் வேண்டியிருக்கு.

சிவில்_சிவா:
ஸ்டிக்கர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1991லயே ஈகோமார்க்னு சென்ட்ரல் கவர்மெண்ட் கொண்டு வந்துச்சு, மண்பானை லோகோ. யாராவது ஒரு பொருள்ல பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. 2024 செப்டம்பர்ல புது விதி போட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. டெண்டர்ல கேட்டாத்தானே கம்பெனிக்காரன் வாங்குவான், கம்பெனிக்காரன் வாங்கியிருந்தாத்தானே டெண்டர்ல கேக்க முடியும். முட்டையா கோழியா.

ஜிஓ வேணும்னு மேல ஒருத்தர் கேட்டாரு, ஒர்க்ஸ் பக்கம் ஜிஓவ விட ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ்தான் (அரசு வேலைக்கான விலைப் பட்டியல்) சாமி. எஸ்டிமேட் போடற இன்ஜினியர் ஷெட்யூல்ல இல்லாத ஐட்டத்தப் போட்டா ரேட் ஜஸ்டிஃபிகேஷன், மார்க்கெட் கொட்டேஷன், மேல அப்ரூவல்னு நாக்கு தள்ளிடும், ஷெட்யூல்ல இருந்தா ஒரு வரி. பிளாஸ்டிக் ரோடு எப்படி பரவுச்சுன்னு நெனைக்கறீங்க? மதுரை தியாகராஜர் காலேஜ் ப்ரொபசர் வாசுதேவன் கண்டுபிடிச்சாரு, 2018ல பத்மஸ்ரீ எல்லாம் குடுத்தாங்க, சரி. ஆனா ரோட்டுக்கு வந்தது ஸ்பெசிபிகேஷனா எழுதி வெச்சதாலதான். சூடு பண்ணின ஜல்லி மேல துண்டு பிளாஸ்டிக்க தூவி, அது உருகி ஜல்லிய போர்த்தினதுக்கு அப்புறம் தார ஊத்தணும், தார் எடையில 6ல இருந்து 8 சதவீதம், 2013ல ஐஆர்சியே (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) தனி வழிகாட்டி போட்டுச்சு. கிராமத்துல மகளிர் குழு பிளாஸ்டிக்க வெட்டிக் குடுக்க, கான்ட்ராக்டர் வாங்கியே ஆகணும். ரோடு தேஞ்சா மைக்ரோ பிளாஸ்டிக் வரும்னு இப்ப சண்டை போடறாங்க, அது தனி இழை போடணும். நான் சொல்ல வர்றது, இன்ஜினியர் புத்தகத்துல ஒரு வரி ஏறிச்சுன்னா எந்தப் பிரச்சாரமும் வேண்டாம்.

எதிர் உதாரணம் ஃபிளை ஆஷ் செங்கல். 1999லயே மத்திய அரசு அறிவிக்கை, அனல்மின் நிலையத்த சுத்தி இத்தனை கிலோமீட்டருக்குள்ள கட்டுமானம்னா சாம்பல் கலந்த பொருள்தான்னு, 50 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு 2016ல 300 வரைக்கும் நீட்டிட்டாங்க. மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடின்னு மூணு எடத்துல 300 கிலோமீட்டர் வட்டம் போட்டா தமிழ்நாட்டுல தப்பிக்க எடமே கெடையாது. இருந்தும் சூளைச் செங்கல் போற எத்தனை கவர்மெண்ட் கட்டடம் வேணும்? சைட்ல யாரும் செக் பண்றதில்ல. பில்ல பாப்பாங்க, செங்கல பாக்க மாட்டாங்க.

மதுரை_ஹெச்எம்:
வாங்கறத பத்தியே பேசறோம், தூக்கிப் போடறத யாரும் பேசல. எங்க லேப்ல செத்த கம்ப்யூட்டரு மானிட்டரு ஒரு ரூம் நெறைய கெடக்கு. கண்டம் பண்ண கமிட்டி போடணும், அது வர்றதுக்குள்ள எலி குடும்பம் நடத்திருச்சு. அப்படியே ஏலம் விட்டாலும் எடுக்கறவன் காயலாங்கடைக்காரன்தான், ஒயர எரிச்சு செம்பு எடுப்பான். பெரிய அளவுல உபயோகிக்கறவங்க பதிவு பண்ணின மறுசுழற்சிக்காரன் மாதிரி ஆளுகிட்டதான் குடுக்கணும்னு இ-வேஸ்ட் விதி 2022 சொல்லுது, ஆனா அவன் ஒரு ஸ்கூலுக்காக வண்டி அனுப்ப மாட்டேங்கறான். வாங்கறப்பவே "பழச நீயே திரும்ப எடுத்துக்க"ன்னு டெண்டர்ல ஒரு க்ளாஸ் போட்டா என்ன கொறஞ்சு போகும்? லேப்டாப் லட்சக்கணக்குல வாங்கறாங்க, அதுல போட்டாலே போதும்.

பாலக்காட்டு_தமிழன்:
பக்கத்து ஸ்டேட்ல எப்படின்னு கேட்டா, கேரளால கிரீன் புரோட்டோக்கால்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. 2015 நேஷனல் கேம்ஸ்ல பெருசா ஆரம்பிச்சது, இப்ப கவர்மெண்ட் ஆபீஸ் மீட்டிங்னா ஸ்டீல் டம்ளர், கண்ணாடி கிளாஸ், டிஸ்போசபிள் கூடாது. அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்லல, ஆனா வாங்காம இருக்கறதும் ஒரு கொள்முதல் கொள்கைதான்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நம்ம ஊர் கலெக்டரேட் மீட்டிங்ல "பிளாஸ்டிக் ஒழிப்பு" பேனர் (ஃபிளெக்ஸ்!) கீழ அரை லிட்டர் தண்ணி பாட்டில் வரிசையா நிக்கும்.

மெரினா_காத்து:
ஃபிளெக்ஸ் 😂😂 அத விடு தலைவா

கொங்கு_தறி:
சரிங்க, எல்லாம் கேட்டுக்கிட்டேன். எல்-1ஐ தூக்கணும்னு ஆரம்பிச்சேன், அய்யாவும் தோழரும் சொன்னதப் பாத்தா ஸ்பெசிபிகேஷன்தான் பிரச்சனை போல. அடுத்த டெண்டர் வரும், அதுலயும் இதே ரெண்டு வரி ஸ்பெசிபிகேஷன்தான் இருக்கும். அப்ப என்னை மாதிரி ஆளு என்னதான்ங்க பண்ண முடியும்? ஜெயிச்சவன் மேல கேஸ் போட எனக்கு வசதி இல்லீங்க.

ரிடையர்டு_ஸ்டோர்ஸ்:
கேஸெல்லாம் அப்புறம். அப்பீல் இருக்கு, பிரிவு 11, ஆர்டர் கெடச்சதுல இருந்து 10 நாளைக்குள்ள அரசாங்கத்துக்குப் போகணும், ஆனா ஸ்பெசிபிகேஷன்லயே இல்லாத காட்டன கேட்டு அப்பீல் போனா நிக்காது. அதனால சண்டை போடற நேரம் டெண்டர் திறக்கறதுக்கு முன்னாடி. நோட்டீஸ் வந்த அன்னைக்கே பாருங்க, 2 கோடி வரைக்கும் 15 நாள், அதுக்கு மேல 30 நாள் டைம் குடுத்தாகணும்னு விதி. அந்த நாளுக்குள்ள சந்தேகம் கேட்டு எழுதற உரிமை உங்களுக்கு இருக்கு, பெரிய டெண்டர்னா ப்ரீ-பிட் மீட்டிங்கே (டெண்டர் போடறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்கற கூட்டம்) வெப்பாங்க. அங்க போயி "காட்டன் போடுங்க"ன்னு கெஞ்சாதீங்க, "நான்-ஓவன் பை அரசாணைப்படி தடை செய்யப்பட்ட பொருள், இந்த டெண்டரில் அது ஏற்கப்படுமா, ஆம் அல்லது இல்லை"ன்னு கேளுங்க. ஏற்கப்படும்னு எந்த ஆபீசரும் எழுத்துல குடுக்க மாட்டாரு. மேல பயந்துக்கிட்டு உக்காந்திருக்காரே நம்ம தம்பி, அவருக்கும் அதுதான் வேணும், நாளைக்கு ஆடிட்ல "ஏன் ஸ்பெசிபிகேஷன மாத்தினே"ன்னு கேட்டா காட்ட ஒரு லெட்டர்.

பாரா_பயம்:
உண்மை சார். அப்படி ஒரு லெட்டர் ஃபைல்ல இருந்தா நான் தைரியமா திருத்தம் போடுவேன்.

கொங்கு_தறி:
மெயில் போதுங்களா, நேர்ல குடுக்கணுங்களா? எங்க பேரு வெளிய தெரிஞ்சா அடுத்த பில்லுல இழுத்தடிப்பாங்கன்னு பயமா இருக்குங்க.

ரிடையர்டு_ஸ்டோர்ஸ்:
ரெண்டும் பண்ணுங்க, தபால் செக்ஷன்ல சீல் போட்ட காப்பி வாங்கி வெச்சுக்கங்க. எல்லாக் கேள்வியையும் ஒரே பத்தியில கொழப்பாதீங்க, எந்தப் பக்கம், எந்த க்ளாஸ்னு நம்பர் போட்டு தனித்தனியா. பதில் டெண்டர் டாக்குமென்ட் வாங்கின எல்லாருக்கும் போகும், கேட்டது யாருன்னு அதுல போட மாட்டாங்க.